உளவு மென்பொருள் காட்கோபருக்கு வந்த வழி

காலை எட்டு மணிக்குக் காட்கோபர் நிலையத்தின் மேம்பாலத்தில் நின்றால் பாதி மும்பை உங்களை இடித்துக்கொண்டு போகும். தாணே, டோம்பிவிலி, கல்யாண் பக்கமிருந்து வரும் ரயில் கூட்டம் இங்கே இறங்கி, 2014 ஜூனில் திறக்கப்பட்ட வெர்சோவா மெட்ரோவில் ஏறி, சாகி நாக்கா, மரோல், அந்தேரி என்று அலுவலகங்களுக்குப் பிரிந்துபோகிறது. ஆளுக்கொரு லேப்டாப் பை. அவற்றில் பலவற்றுக்குள் ஒரு சிறு நிரல் இருக்கிறது. குறித்த இடைவெளியில் திரையைப் படமெடுக்கும். எத்தனை விசை தட்டினார், எந்தத் தளத்தைத் திறந்தார், எவ்வளவு நேரம் சும்மா இருந்தார் என்று கணக்கெழுதி எங்கோ உள்ள சர்வருக்கு அனுப்பும். அதே நேரத்தில் காட்கோபர் கிழக்கின் காமராஜ் நகரிலோ பந்த் நகரிலோ ஒரு வீட்டில், பிள்ளையின் போனில் அப்பா ஏற்றிவைத்த இன்னொரு நிரல் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கலாம். அலுவலகத்துக்கு விற்கும்போது அதற்கு உற்பத்தித்திறன் கருவி என்று பெயர். வீட்டுக்கு விற்கும்போது பிள்ளைப் பாதுகாப்பு. உள்ளே ஓடும் இயந்திரம் பெரும்பாலும் ஒன்றுதான்.

இந்த நிரலை நமக்குத் தெரியும். இது எங்கிருந்து வந்தது, வழியில் யார் யார் கைக்கு மாறியது என்பதுதான் சுவையான கதை. அந்தக் கதையில் நான் ஒன்றை மட்டும் விடாமல் பின்தொடரப் போகிறேன். கண்காணிக்கப்படுகிறவருக்கு அது சொல்லப்பட்டதா, இல்லையா என்பதே அது.

பிள்ளையை வேவு பார்ப்பது கணினியோடு பிறந்த வழக்கமில்லை. 1905-இல் தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர் கீழ்த்திசை நூலகத்துக்கு ஓர் ஓலைச்சுவடிக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நூலகர் சாமசாஸ்திரி பிரித்துப் பார்த்தார். கிரந்த எழுத்தில் இருந்த அது, பல நூற்றாண்டுகளாகக் கிடைக்காமல் போயிருந்த கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். 1909-இல் அச்சேறிய அந்த நூலின் முதல் பகுதியிலேயே இளவரசர்களைக் கண்காணிப்பது பற்றி ஓர் இயல் வருகிறது. இளவரசர்கள் நண்டு மாதிரி, பெற்றவனையே தின்பவர்கள் என்கிறார் பாரத்வாஜர். ஆம்பியர் என்ற மரபினர் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். ஓர் ஒற்றனை நண்பனாக அனுப்பி, வேட்டை, சூது, மது, பெண் என்று இளவரசனுக்கு ஆசை காட்டி, அப்பாவைக் கவிழ்த்துவிட்டு அரசை எடுத்துக்கொள் என்று தூண்டச் சொல்லி, என்ன செய்கிறான் என்று பார்க்க வேண்டுமாம். கௌடில்யர் இதை ஒப்பவில்லை. தெரியாததைத் தெரியவைப்பது பெருங்குற்றம், புதிய பொருள்மீது எதைப் பூசினாலும் அது உறிஞ்சிக்கொள்ளும், இளம் மனமும் அப்படித்தான் என்று மறுக்கிறார். ஆனால் ஒற்றர்களே வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லை. அவர்களை வைத்தே இளவரசனைத் தீய பழக்கங்களிலிருந்து பயமுறுத்தி விலக்கச் சொல்கிறார். பிள்ளையின் நன்மைக்காகப் பிள்ளைக்குத் தெரியாமல் என்ற வாதம் அங்கேயே முழு வடிவத்தில் இருக்கிறது.

நம் வள்ளுவரும் ஒற்றுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், 59-ஆவது. அதில் 584-ஆம் குறள் ஒற்றன் யாரையெல்லாம் ஆராய வேண்டும் என்று சொல்கிறது: தொழில் செய்கிறவர்கள், சுற்றத்தார், வேண்டாதவர்கள். ஊழியர், உறவு, பகை மூன்றும் ஒரே மூச்சில். இன்றைய உளவு மென்பொருள் விற்பனையாளர்களின் வாடிக்கையாளர் பட்டியலும் இந்த மூன்றைத் தாண்டவில்லை. அதே வள்ளுவர் எட்டு அதிகாரம் முன்னால், ஆராய்ந்து தேர்ந்தெடுத்த ஒருவர்மேல் பிறகு சந்தேகப்படுவது தீராத துன்பம் என்றும் எச்சரித்திருக்கிறார். இரண்டும் அரசனுக்குச் சொன்ன பாடம். அரசனிடமிருந்து அது முதலாளிக்கும் தகப்பனுக்கும் இறங்கி வர நெடுங்காலம் ஆயிற்று.

இறங்கிய ஆண்டைத் தேடினால் 1787 கண்ணில் படுகிறது. அந்த ஆண்டில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு காரியங்கள் நடந்தன.

முதலாவது, இன்றைய பெலாருஸ் நாட்டின் கிரிச்சேவ் என்ற ஊரில். ரஷ்யப் பிரபு பொட்டம்கினின் பண்ணையில் பட்டறைகளை நடத்திக்கொண்டிருந்த ஆங்கிலேயப் பொறியாளர் சாமுவேல் பெந்தம், தன் ஆட்களை மேய்க்க முடியாமல் ஒரு வட்டக் கட்டடம் வரைந்தார். நடுவில் மேற்பார்வையாளர், சுற்றிலும் தொழிலாளர். பார்க்கிறவரை அவர்களால் பார்க்க முடியாது. அண்ணன் ஜெரமி பெந்தம் தம்பியைப் பார்க்கப் போன இடத்தில் இந்த யோசனையில் மயங்கி, அங்கிருந்தபடியே கடிதங்கள் எழுதினார். அவைதான் 1791-இல் பனாப்டிகன் என்ற நூலாயின. அதைச் சிறைச்சாலை வரைபடம் என்றே பலரும் நினைக்கிறோம். பிறந்தது தொழிற்பட்டறையில். ஜெரமி அதைப் பள்ளிக்கூடங்களுக்கும் பரிந்துரைத்தார்.

இரண்டாவது, ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் அதே 1787-இல் சென்னையில் கப்பலிறங்கினார். 1789-இல் எழும்பூரில் இராணுவ ஆண் அனாதைகள் விடுதிப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். அவருடைய ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழியின்றி ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் வகுப்பை ஒப்படைத்தார். அவன் ஆசிரியர்களைவிட நன்றாகச் சொல்லிக்கொடுத்தான். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை இப்படித்தான் ஒரு விபத்தாக ஆங்கிலப் பள்ளிக்குள் நுழைந்தான். பெல் 1797-இல் இலண்டனில் இதை நூலாக்கினார். மதராஸ் முறை என்று பெயர் பரவியது. அடுத்த ஆண்டே இலண்டனின் தென்கரையில் ஜோசப் லங்காஸ்டர் அதே மாதிரி ஒரு பள்ளி தொடங்கி, இது என் கண்டுபிடிப்பு என்றார். யார் முதல் என்ற சண்டை, இங்கிலாந்துத் திருச்சபை ஒரு பக்கம், அதற்கு வெளியே இருந்த சபைகள் மறுபக்கம் என்று அணி பிரியும் அளவுக்குப் போனது. லங்காஸ்டரின் பள்ளியில் வருகைக்கு ஒரு மாணவத் தலைவன், பலகைக்கு ஒருவன், மற்றத் தலைவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவன். குறும்பு செய்தவனைக் கூடையில் வைத்து உத்தரத்தில் தொங்கவிட்டார்கள்.

இந்த இருவருக்கும் பணம் கொடுத்து ஆதரித்தவர் ராபர்ட் ஓவன், ஸ்காட்லாந்தின் நியூ லானார்க் பஞ்சாலை முதலாளி. 1800-இல் ஆலையை ஏற்றவர், ஒவ்வொரு தொழிலாளியின் இடத்திலும் இரண்டு அங்குல அளவில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிட்டார். நான்கு பக்கம், நான்கு வண்ணம்: கறுப்பு மோசம், நீலம் சுமார், மஞ்சள் நன்று, வெள்ளை மிக நன்று. நேற்று எப்படி நடந்துகொண்டாய் என்பதை இன்றைய வண்ணம் சொல்லும். பிறகு அது நடத்தைப் பதிவேட்டிலும் ஏறும். கொடுமையான ஏற்பாடுதான். ஆனால் அதன் இரண்டு குணங்களை நான் குறித்துவைக்கிறேன். மரத்துண்டு எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி தொங்கியது. வண்ணம் தப்பு என்று நினைத்தால் தொழிலாளி நேராக ஓவனிடமே முறையிடலாம். இன்று லேப்டாப்புக்குள் ஓடும் நிரல் பலவற்றில் இந்த இரண்டும் இல்லை.

தமிழர்களைப் பொறுத்தவரை கண்காணிப்பு மரத்துண்டாக வரவில்லை, மனிதனாகவே வந்தது. இலங்கையின் காப்பி, தேயிலைத் தோட்டங்களில் கங்காணி ஊரிலிருந்து ஆள் கூட்டிவந்தார், பெரட்டுக் களத்தில் தலை எண்ணினார், வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கினார். பம்பாய்ப் பஞ்சாலைகளில் அந்த இடத்தில் ஜாபர் இருந்தார். வேலை கொடுப்பவர், கடன் கொடுப்பவர், சேதி சொல்பவர் எல்லாம் அவரே. யார் சங்கத்தில் சேர்ந்தான், யார் வெளியே என்ன பேசினான் என்பது அவர் வழியாக மேலே போனது. ஆலைக்குள் கடிகாரம் மட்டும் வெளிப்படையானது. அதனால்தான் கோபமும் அதன்மேல் போனது. 1906 ஜனவரியில் பம்பாய் நேரத்தை விட்டுவிட்டு 39 நிமிடம் முன்னால் ஓடும் இந்திய நேரத்துக்கு ஆலைகள் மாறியபோது, ஜேக்கப் சாசூன் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திக் கல்லெறிந்தார்கள்.

கடிகாரத்துக்கு ஒரு கை முளைத்தது அமெரிக்காவில். நியூயார்க் மாநிலத்தின் ஆபர்ன் நகரத்து நகைக்கடைக்காரர் வில்லார்ட் பண்டி 1888-இல் ஒரு பதிவுக் கடிகாரம் செய்தார். ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் பொறித்த ஒரு சாவி. உள்ளே நுழையும்போது சாவியைச் செருகித் திருப்பினால் எண்ணும் நேரமும் காகிதச் சுருளில் அச்சாகும். அந்தத் தொழில் சர்வதேச நேரப் பதிவு நிறுவனத்தில் கரைந்தது. 1911-இல் அதையும், கடைத் தராசு செய்யும் ஒரு நிறுவனத்தையும், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் துளையட்டை இயந்திரம் செய்த ஹாலரித்தின் நிறுவனத்தையும் ஒன்றாகக் கட்டினார்கள். 1924-இல் அந்தக் கூட்டு நிறுவனம் தன் பெயரை ஐ.பி.எம். என்று மாற்றிக்கொண்டது. ஆள் வந்தானா என்று பார்க்கும் கடிகாரமும் கணினியும் ஒரே கொட்டகையில் வளர்ந்தவை.

அந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் தட்டச்சுப்பொறிக்குள்தான், அதற்கே தெரியாமல், அறியப்பட்டவற்றுள் உலகின் முதல் விசைப் பதிவுக் கருவி ஒளிந்தது. சோவியத் உளவுத்துறைக்கு இதில் முன் அனுபவம் உண்டு. 1945 ஆகஸ்டில் மாஸ்கோவின் பள்ளிப் பிள்ளைகள் அமெரிக்கத் தூதர் ஹாரிமனுக்கு மரத்தில் செதுக்கிய அமெரிக்க இலச்சினை ஒன்றைப் பரிசளித்தார்கள். தூதர் அதைத் தன் வீட்டுப் படிப்பறையில் மாட்டினார். மின்கலமோ கம்பியோ இல்லாத ஒலிவாங்கி ஒன்று அதற்குள் இருந்தது. வெளியிலிருந்து வானொலி அலையைப் பாய்ச்சினால் மட்டும் அது உயிர்பெறும். செய்தவர் லெவ் தெரமின். தொடாமல் வாசிக்கும் மின்னிசைக் கருவியைக் கண்டுபிடித்து உலகப் புகழ் பெற்றவர். ஏழு ஆண்டு கழித்துத்தான் அது பிடிபட்டது.

தட்டச்சுப்பொறிக் கருவி இன்னும் நுட்பமானது. மாஸ்கோ தூதரகத்திலும் லெனின்கிராடு துணைத் தூதரகத்திலும் இருந்த ஐ.பி.எம். செலக்ட்ரிக் பொறிகள் 16-இல், ஒரு உலோகத் தாங்குபட்டையைக் குடைந்து கருவியை வைத்திருந்தார்கள். எழுத்து உருளை திரும்பும்போது உள்ளே அசையும் பாகங்களின் காந்தப் புல மாற்றத்தைப் படித்து, எந்த எழுத்து என்று கணித்து, வானொலிச் சிதறல்களாக அனுப்பியது. 1976-இலிருந்து 1984 வரை அது வேலை செய்தது. நட்பு நாடு ஒன்றிலிருந்து வந்த எச்சரிக்கையின் பேரில் அமெரிக்கர்கள் தூதரகத்தின் மின்பொருள்களையெல்லாம் மூட்டைகட்டி ஊருக்கு எடுத்துப்போய் ஊடுகதிர்ப் படம் எடுத்தார்கள். ஒரு பொறியின் மின்விசையில் இருக்கக் கூடாத ஒரு கம்பிச் சுருள் தெரிந்தது. அதிலிருந்து மற்றதெல்லாம் வெளிவந்தது. பகைவனுக்காகச் செய்த இந்தக் கருவியின் வேலையைத்தான் பிறகு வந்தவர்கள் மென்பொருளாக எழுதி, ஊழியருக்கும் பிள்ளைக்கும் திருப்பினார்கள்.

ஊழியருக்குத் திரும்பியது முதலில். 1980-களில் அமெரிக்கக் காப்பீட்டு அலுவலகங்களிலும் விமான முன்பதிவு மையங்களிலும் தரவு உள்ளிடும் பெண்களின் விசைத் தட்டல்களைக் கணினியே எண்ணத் தொடங்கியது. அது பெரிய கவலையாகி, 1987-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் மின்னணு மேற்பார்வையாளர் என்ற தலைப்பில் ஓர் அறிக்கையே கொண்டுவந்தது. மும்பையில் அதே பத்தாண்டில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. காட்கோபரில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்து, பக்கத்துக் கல்குவாரித் தொழிலாளர்களுக்காகப் பேசப் போய்த் தொழிற்சங்கத் தலைவரான டாக்டர் தத்தா சாமந்த், 1982 ஜனவரி 18 அன்று சுமார் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார். அது தோற்றது, ஆலைகள் மூடின. கிர்ண்காவிலும் லோயர் பரேலிலும் ஆலை நிலத்தில் கண்ணாடி அலுவலகங்கள் எழும்பின. ஜாபர் போன இடத்துக்கு வந்தது, இந்த அழைப்பு பதிவு செய்யப்படலாம் என்ற குரல். அந்தக் குரல் வாடிக்கையாளருக்காவது விஷயத்தைச் சொன்னது.

வீட்டுக்குள் நுழைந்த கதை ஃப்ளோரிடாவின் வெரோ பீச் என்ற கடற்கரை ஊரில். அங்கே 1998-இல் தொடங்கிய ஸ்பெக்டர்சாஃப்ட் நிறுவனம், திரையை அடிக்கடி படமெடுத்து ஒளித்துவைக்கும் ஸ்பெக்டர் என்ற நிரலை விற்றது. பிள்ளைகள் இணையத்தில் என்ன செய்கிறார்கள் என்று பெற்றோர் பார்க்கவும், ஊழியர் என்ன செய்கிறார் என்று முதலாளி பார்க்கவும் என்று விளம்பரம். வாங்க வந்தவர்களில் கணிசமானோர் கணவர்கள், மனைவிகள். அந்த மாநிலத்திலேயே ஒரு மனைவி கணவரின் கணினியில் ஸ்பெக்டரை ஒளித்துவைத்து, அவர் இணையத்தில் டாமினோ ஆடிக்கொண்டே இன்னொரு பெண்ணோடு பேசியதையெல்லாம் பிடித்தார். விவாகரத்து வழக்கில் அதைக் கொண்டுபோனபோது, 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சட்டவிரோத ஒட்டுக்கேட்பு என்று சொல்லித் தள்ளியது.

நகலெடுப்பவர்களும் வந்தார்கள். கலிஃபோர்னியாவின் சாலிட் ஓக் நிறுவனம் பிள்ளைகளுக்காக சைபர்சிட்டர் என்ற வடிகட்டியை விற்றுக்கொண்டிருந்தது. 2009-இல் சீன அரசு, ஜூலை 1 முதல் நாட்டில் விற்கும் ஒவ்வொரு கணினியிலும் இளைஞர்களைக் காக்கும் பசுமை அணை என்ற நிரல் இருக்க வேண்டும் என்று அறிவித்தது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது தடைப்பட்டியல்கள் சைபர்சிட்டருடையவையாக இருந்தன. சைபர்சிட்டர் தன் வாடிக்கையாளர்களுக்கு 2004-இல் அனுப்பிய ஒரு செய்தி மடல்கூட எடுக்க மறந்து உள்ளேயே கிடந்தது. திருட்டுக்கு இதைவிடத் தெளிவான கைரேகை வேண்டுமா? சாலிட் ஓக் அடுத்த ஆண்டு 220 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. சீன அரசும் கட்டாயத்தைத் தளர்த்தியது.

இனி நம் ஊர். மும்பையில் இந்தக் கதை ஒரு கடிதத்தில் தொடங்குகிறது. 2001-இல் இரண்டு குடிமக்கள், இணையத்தின் ஆபாசத் தளங்களைப் பற்றிப் புகார் சொல்லிப் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு எழுதினார்கள். நீதிமன்றம் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு ஆறு பேர் குழுவை அமைத்தது. 2002 ஜனவரியில் குழு அறிக்கை தந்தது. சைபர் கஃபேக்கு வருகிறவரிடம் படத்தோடு அடையாள அட்டை கேளுங்கள், சிறுவர்களைத் தடுப்பறைக்குள் விடாமல் எல்லார் கண்ணிலும் படும் கணினியில் உட்காரவையுங்கள் என்பது அதன் போக்கு. எனக்கு இந்த அறிக்கைமேல் மரியாதை உண்டு. பிள்ளைக்குத் தெரியும்படியான ஒரு கண்காணிப்பை அது கேட்டது. வீட்டுக் கணினி அபூர்வமாக இருந்த தாராவிக்கும் காட்கோபருக்கும், மணிக்குக் காசு கொடுத்து உட்காரும் அந்தக் கடைகள்தான் இணையத்தின் வாசல்.

ஐந்து ஆண்டில் காற்று மாறியது. 2006 ஜூலை 11 ரயில் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சைபர் கஃபே என்றாலே காவல்துறைக்கு அச்சம். 2007-இல் மும்பை காவல்துறை, நகரத்தின் சுமார் 500 சைபர் கஃபேக்களில் விசைப் பதிவு மென்பொருளை ஏற்றும் திட்டத்தை முன்வைத்தது. மைக்ரோ டெக்னாலஜீஸ் என்ற நம் பக்கத்து நிறுவனத்தின் நிரல். ஒவ்வொரு விசைத் தட்டலும், இடைவெளி விட்டு எடுத்த திரைப் படங்களும் ஒரு சர்வருக்குப் போகும். யோசித்துப் பாருங்கள். தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லும் போகும், வங்கி எண்ணும் போகும், துபாயில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் அஞ்சலும் போகும். பயங்கரவாதி ஒருவனைப் பிடிக்க, சொந்தமாகக் கணினி வாங்க முடியாதவர்கள் அத்தனை பேரின் விரலும் பதிவாகும். கணினி வைத்திருந்தவர்களை இது தொடாது. தாராவியும் செம்பூரும் எழுதுவது பதிவாகும், மலபார் ஹில் எழுதுவது பதிவாகாது. இதுதான் அந்தத் திட்டத்தில் என்னை இன்றும் உறுத்துவது.

அதே 2007 ஜூலையில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் ஒரு நிறுவனம், போக்டான் பர்புலெஸ்கு என்ற ஊழியரின் யாஹூ மெசஞ்சரை ஒரு வாரத்துக்கு மேல் பதிவுசெய்தது. அலுவல் நேரத்தில் சொந்தப் பேச்சு பேசவில்லை என்று அவர் எழுதிக்கொடுத்ததும், 45 பக்கப் பிரதியை எடுத்து நீட்டினார்கள். சகோதரரோடும் மணமுடிக்கவிருந்த பெண்ணோடும் பேசியதெல்லாம் அதில் இருந்தது. வேலை போனது. பத்து ஆண்டு வழக்காடினார். 2017 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கண்காணிக்கலாம், ஆனால் எந்த அளவுக்கு என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

மும்பையின் 2007 திட்டத்துக்கு விடை அடுத்த ஆண்டே வந்தது, கஃபேக்களுக்கு வெளியிலிருந்து. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்கு முன் வந்த மிரட்டல் அஞ்சல், நவி மும்பை சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் வீட்டின் பூட்டில்லாத வைஃபை வழியாகப் போயிருந்தது. ஆகஸ்டில் வந்தது மாட்டுங்கா கால்சா கல்லூரியின் வைஃபையிலிருந்து. செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பன்று வந்தது செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையிலிருந்து. மூன்றிலும் வைஃபைக்குச் சொந்தக்காரர்களுக்கு எதுவும் தெரியாது. 500 கஃபேக்களின் ஒவ்வொரு விசையையும் எண்ணியிருந்தாலும் இந்த மூன்றில் ஒன்றும் வலையில் விழுந்திருக்காது. 2009 ஜனவரியில் காவலர்கள் தெருத்தெருவாகப் பூட்டாத வைஃபை தேடி நடந்தார்கள்.

2011 ஏப்ரலில் மத்திய அரசின் சைபர் கஃபே விதிகள் வந்தன. தடுப்பு நான்கரை அடிக்கு மேல் உயரக் கூடாது. தடுப்பில்லாத இடத்தில் திரை பொதுவெளியைப் பார்த்து இருக்க வேண்டும். சிறுவர்கள் பெற்றோர் துணையில்லாமல் தடுப்புக்குள் போகக் கூடாது. யார் எந்தத் தளத்தைப் பார்த்தார் என்ற பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டும். 2002 குழுவின் குரலும் 2007 திட்டத்தின் குரலும் ஒரே தாளில் சேர்ந்து கேட்கின்றன. விதிக்குப் பழகுவதற்குள் மலிவான ஸ்மார்ட்போன் வந்து கடைகளையே காலிசெய்துவிட்டது.

கையோடு எடுத்துப்போகும் லேப்டாப்புக்கும் போனுக்கும் போன பிறகு கதை வேகமெடுக்கிறது. பென்சில்வேனியாவின் லோயர் மெரியன் பள்ளி மாவட்டம் மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தது. திருட்டுப்போனால் கண்டுபிடிக்க என்று உள்ளே ஒரு நிரல் இருந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. அது கேமராவாலும் திரையிலிருந்தும் 50,000-க்கும் மேற்பட்ட படங்களை எடுத்திருந்தது, சில படுக்கையறையில். ஒரு மாணவன் மாத்திரை விழுங்குகிறான் என்று நிர்வாகம் குற்றம் சாட்டியது. அது மிட்டாய் என்றது குடும்பம். 2010 அக்டோபரில் மாவட்டம் 6,10,000 டாலர் கொடுத்து வழக்குகளை முடித்துக்கொண்டது. 2014-இல் ஸ்டெல்த்ஜீனி என்ற போன் உளவுச் செயலியை விற்ற பாகிஸ்தானியரை லாஸ் ஏஞ்சலஸில் கைதுசெய்து, 5 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள்.

பிறகு 2020 மார்ச். ஊரடங்கில் அலுவலகம் வீட்டுக்கு வந்தது, பள்ளியும் வந்தது. சியோன், காட்கோபர் வீடுகளில் ஒரே அறையின் ஒரு மூலையில் அப்பாவின் திரையை அலுவலகம் பார்க்க, மறு மூலையில் பிள்ளையின் திரையை அப்பா பார்த்தார். அந்த நவம்பரில் மைக்ரோசாஃப்ட் ஊழியர்வாரியாக உற்பத்தித்திறன் மதிப்பெண் காட்டப் போய், எதிர்ப்பு வந்ததும் பெயர்களை நீக்கியது. ஊழியர்களும் சும்மா இருக்கவில்லை. மவுஸைத் தானாக அசைக்கும் கருவிகள் சந்தைக்கு வந்தன. 2024-இல் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வேலை செய்வதுபோல் விசையசைவைப் போலியாக உண்டாக்கியதாக ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை நீக்கியது. நிரல் எண்ணியது அசைவை, மனிதர்கள் கொடுத்ததும் அசைவை.

இந்தியாவில் இதை வெளிப்படையாக எதிர்த்தவர்கள் ஹரியானாவின் ஆஷா பணியாளர்கள். கிராமத்துத் தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் வீடு வீடாகப் போகும் பெண்கள் இவர்கள். 2021-இல் அரசு கொடுத்த போன்களில், இருப்பிடத்தைக் காட்டும், தூரத்திலிருந்து கட்டுப்படுத்தும் செயலி ஒன்றை ஏற்றச் சொன்னார்கள். நாங்கள் ஊக்கத்தொகைக்கு வேலை செய்கிறவர்கள், ஊழியர் என்றே எங்களை நீங்கள் ஒப்புக்கொள்வதில்லை, பின் எதற்குக் கண்காணிப்பு என்று கேட்டு, பலர் போனையே திருப்பிக் கொடுத்தார்கள். பெங்களூரின் கண்ணாடிக் கட்டடங்களிலிருந்து இந்தக் கேள்வி இவ்வளவு தெளிவாக வந்து நான் கேட்டதில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவர்களின் நடத்தையைப் பின்தொடர்வதை நிறுவனங்களுக்குத் தடைசெய்கிறது. ஆனால் வேலை தொடர்பான தேவைக்கும், இழப்பிலிருந்து முதலாளியைக் காப்பதற்கும் ஊழியரின் ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாளலாம் என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறது. வீட்டுக் காரியத்துக்காக ஒருவர் செய்வது இந்தச் சட்டத்துக்குள்ளேயே வராது. ஆக, மெட்ரோவில் போகிறவருக்கும் அவர் பிள்ளைக்கும் இந்தச் சட்டத்தில் பெரிய துணை இல்லை. பிள்ளைக்கு ஓரளவு உதவியது ஒரு வணிக விதி. 2020 அக்டோபர் முதல் கூகுள் ப்ளே, பெற்றோர் கண்காணிப்புச் செயலிகள் தம்மை ஒளித்துக்கொள்ளக் கூடாது, போனில் எப்போதும் தெரியும் ஓர் அறிவிப்பைக் காட்ட வேண்டும் என்கிறது. வெளியிலிருந்து நேராக இறக்கி ஏற்றும் செயலிகளுக்கு அந்த விதி எட்டாது.

வீட்டுக்குள் நடந்த வேவு நம் நீதிமன்றங்களுக்கு ஃப்ளோரிடாவில் வந்த அதே வழியாகத்தான் வந்தது, விவாகரத்து வழக்காக. மனைவியின் அழைப்புப் பதிவுகளை அவருக்குத் தெரியாமல் எடுத்துவந்த கணவரின் ஆதாரத்தை, 2024 அக்டோபர் 30 அன்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் ஏற்கவில்லை. அந்தரங்கம் என்பதில் கணவன் மனைவிக்கு இடையிலான அந்தரங்கமும் அடங்கும் என்றார். 2025 ஜூலை 14 அன்று, வேறொரு வழக்கில், தெரியாமல் பதிவுசெய்த பேச்சைத் தம்பதியர் ஆதாரமாகக் கொண்டுவரலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலைக்கு வந்தாலே அந்த உறவு முறிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம் என்பது அதன் பார்வை. நாட்டின் சட்டம் இன்று அதுதான். என் மனம் மதுரைத் தீர்ப்பின் பக்கம் நிற்கிறது. முறிந்த பிறகு வேவு பார்க்கிறார்கள் என்பது சில வீடுகளில் உண்மையாக இருக்கலாம். வேவு பார்த்ததால் முறிந்த வீடுகளும் உண்டு. ஒளித்துவைத்த பதிவு நீதிமன்றத்தில் செல்லும் என்று தெரிந்தால், ஒளிந்திருக்கும் நிரலை விற்க விற்பனையாளருக்கு இன்னொரு விளம்பர வரி கிடைத்துவிடுகிறது. பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கோ, வழக்குப் போட்டு அதைக் கேள்வி கேட்கும் வழிகூட வீட்டுக்குள் இல்லை.